மீன் நிறைந்த ஆற்றங்கரையில் ஏன் பட்டினி? ஜேம்ஸ்டவுன் பற்றி ஒரு விரிவான பதில்

நீங்கள் கேட்டது இதுதான். 1607-ல் வர்ஜீனியாவில் இறங்கிய ஆங்கிலேயர்களிடம் கப்பல் இருந்தது, துப்பாக்கி இருந்தது. எதிரே மீன் நிறைந்த ஆறு, பின்னால் மான் திரியும் காடு. அப்புறம் ஜேம்ஸ்டவுனில் ஏன் கொத்துக்கொத்தாகப் பட்டினியில் செத்தார்கள்? ‘உடம்பு வளையாத கனவான்கள்’ என்று பாடப்புத்தகம் சொல்வது போதுமான காரணமா? அங்கே ஒரு சாதாரண ஆளின் நாள் எப்படிக் கழிந்தது? கடைசியாக, அந்தக் கூட்டத்தில் இந்தியர் யாராவது இருந்தார்களா? கேள்வி நான்காகத் தெரிந்தாலும் முதல் மூன்றும் ஒன்றுதான். அந்த இடத்தை எதற்காக உண்டாக்கினார்கள் என்று தெரிந்துவிட்டால் மற்றது விளங்கிவிடும். அமெரிக்க வரலாற்றைக் கல்லூரியில் பல வருடம் நடத்தியவன் நான். அந்தக் காலத்துக் கடிதங்களையும் அறிக்கைகளையும் திரும்பத் திரும்பப் படித்திருக்கிறேன். தொல்லியல் என் படிப்பு கிடையாது. எலும்பு, மரவளையம் என்று வரும் இடங்களில் அந்தத் துறைக்காரர்கள் கண்டதைத்தான் எடுத்துச் சொல்கிறேன்.

சுருக்கமான பதில் வேண்டுமானால்: சோம்பல் ஒரு காரணம், ஆனால் சின்னக் காரணம். ஜேம்ஸ்டவுனை ஒரு ஊராக யாரும் திட்டமிடவில்லை. லண்டன் வியாபாரிகள் ஆற்றங்கரையில் வைத்த ஒரு கம்பெனிப் பண்டகசாலை அது. சரக்கு அனுப்ப ஆள் இருந்தார்கள். சாப்பாட்டுக்கு அக்கம்பக்கத்துப் பூர்வகுடிகளின் மக்காச்சோளத்தை நம்பினார்கள். அந்தச் சோளம் கிடைத்த வருடம் பிழைத்தார்கள், கிடைக்காத வருடம் செத்தார்கள். முதல் பத்து வருடக் கதையில் பெரும்பகுதி இந்த இரண்டு வரிக்குள் வந்துவிடும்.

1606 ஏப்ரலில் முதலாம் ஜேம்ஸ் மன்னர் வர்ஜீனியா கம்பெனிக்குச் சாசனம் கொடுத்தார். கம்பெனியை நடத்தியவர்களில் முதன்மையானவர் சர் தாமஸ் ஸ்மித். நமக்குத் தெரிந்த கிழக்கிந்தியக் கம்பெனியின் முதல் கவர்னரும் இவரேதான். பணம் போட்டவர்கள் பலரும் இரண்டிலும் போட்டிருந்தார்கள். எனவே அவர்கள் மனதில் இருந்த மாதிரி எது என்று ஊகிப்பது கஷ்டமில்லை. டிசம்பரில் சூசன் கான்ஸ்டன்ட், காட்ஸ்பீட், டிஸ்கவரி என்று மூன்று கப்பல்கள் கிறிஸ்டோபர் நியூபோர்ட் தலைமையில் கிளம்பின. குடியேற வந்தவர்கள் 104 பேர், எல்லாரும் ஆண்களும் பையன்களும். யார் யார் நிர்வாக சபை உறுப்பினர்கள் என்பதை ஒரு பெட்டிக்குள் போட்டு முத்திரை வைத்துக் கொடுத்திருந்தார்கள். அமெரிக்கக் கரையைத் தொட்ட பிறகுதான் திறக்க வேண்டும். 1607 ஏப்ரல் 26 இரவு திறந்தபோது அதில் ஜான் ஸ்மித் பெயரும் இருந்தது. கலகம் செய்யப் பார்த்தார் என்று குற்றம்சாட்டி அவரை வழியிலேயே காவலில் வைத்திருந்தார்கள்! நிர்வாகம் எப்படி நடந்திருக்கும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

மே 14-ல் ஜேம்ஸ் ஆற்றில் ஒரு தீபகற்பத்தில் இறங்கினார்கள். முதல் நாட்களில் வேலையைப் பிரித்துக் கொடுத்த விதத்தைப் பாருங்கள். சிலர் மரம் வெட்டிக் கூடாரத்துக்கு இடம் செய்ய வேண்டும், சிலர் தோட்டம் போட வேண்டும், சிலர் வலை பின்ன வேண்டும், சிலர் கப்பலில் ஏற்றி அனுப்பப் பலகை பிளக்க வேண்டும். தலைக்கு மேல் கூரை வருவதற்கு முன்னால் லண்டனுக்கு அனுப்பும் சரக்கு தயாராக வேண்டியிருந்தது. கம்பெனி கொடுத்த கட்டளைகளும் அந்தப் போக்கில்தான் இருந்தன: தங்கம் தேடு, மேற்கே பசிபிக் கடலுக்கு வழி இருக்கிறதா பார். ‘மூன்று வருடத்துக்கு உங்கள் சோற்றை நீங்களே விளைத்துக்கொள்ளுங்கள், பிறகு லாபம் பார்க்கலாம்’ என்று யாரும் சொல்லவில்லை.

இடத்தைத் தேர்ந்தெடுத்ததும் அதே கணக்கில்தான். கரையை ஒட்டியே ஆழம் இருந்ததால் கப்பலைக் கரை மரத்தில் கட்டிவிடலாம். ஸ்பானியர்கள் வந்தால் தூரத்திலேயே பார்த்துவிடலாம். கப்பலுக்கும் பீரங்கிக்கும் அருமையான இடம், மனிதன் குடியிருக்க மோசமான இடம். சுற்றிலும் சதுப்பு. அந்த மண் பஸ்பஹே இனத்தாருக்குச் சொந்தம். அவர்கள் வேட்டைக்கு வந்துபோவார்களே தவிர அங்கே குடியிருக்கவில்லை. ஏன் என்று புதிதாக வந்தவர்கள் யோசித்ததாகத் தெரியவில்லை. ஜார்ஜ் பெர்சி என்பவர் எழுதி வைத்திருக்கிறார்: குடித்தது ஆற்றுத் தண்ணீர், ஓதம் ஏறும்போது கடும் உப்பு, வற்றும்போது சேறும் கசடும். நல்ல தண்ணீர்க் கிணறு ஒன்று கோட்டைக்குள் வெட்டியது 1609 வாக்கில்தான். அதாவது வந்து ஏறக்குறைய இரண்டு வருடம் கழித்து.

முதல் கோடையில் செத்தவர்களில் பெரும்பாலோர் பட்டினியால் மட்டும் செத்தார்கள் என்று நான் நினைக்கவில்லை. பெர்சி குறித்து வைத்த அறிகுறிகள் வீக்கம், வயிற்றுப்போக்கு, சுட்டெரிக்கும் காய்ச்சல். கார்வில் ஏர்ல் என்ற புவியியலாளர் 1970-களின் கடைசியில் இதை ஆராய்ந்து சொன்னது: கோடையில் ஆற்றின் ஓட்டம் குறைந்ததும் கடலின் உப்புநீர் அந்த இடத்தைச் சுற்றித் தேங்கிவிடும், இவர்கள் கழித்த அசுத்தமும் அடித்துக்கொண்டு போகாமல் அங்கேயே நிற்கும், டைபாய்டும் சீதபேதியும், அதோடு உப்பு நஞ்சும். முதல் இரண்டும் பெர்சி சொல்லும் அறிகுறிகளோடு நன்றாகப் பொருந்துகின்றன. உப்பு நஞ்சு எந்த அளவுக்கு என்பதில் ஆய்வாளர்களிடையே ஒற்றுமை கிடையாது. எப்படியிருந்தாலும் 1608 ஜனவரியில் அடுத்த கப்பல் வந்தபோது 104 பேரில் 38 பேர்தான் மிச்சம்.

அந்த ரேஷன் எப்படி இருந்தது என்று ஜான் ஸ்மித் சொல்வதைக் கேட்க வேண்டும். ஓர் ஆளுக்கு ஒரு நாளைக்கு அரை பைன்ட் கோதுமை, அதே அளவு பார்லி, தண்ணீரில் வேகவைத்தது. 26 வாரம் கப்பலின் அடித்தளத்தில் கிடந்ததால் தானியம் எத்தனையோ அத்தனை புழு. பெருந்தீனியும் குடியும் எங்களிடம் இல்லாதது போலவே மற்ற பாவங்களும் இல்லாதிருந்திருந்தால் எங்களைப் புனிதர்களாகவே அறிவித்திருப்பார்கள் என்கிற தோரணையில் கிண்டலும் செய்கிறார். ஸ்மித்துக்கு நாக்கு நீளம். அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

இப்போது கனவான்கள் விஷயம். முதலில் வந்தவர்களின் பட்டியல் கிடைக்கிறது. ஏறத்தாழ பாதிப் பேர் ‘கனவான்’ என்ற தகுதியில் வந்தவர்கள். தச்சர் 4, கூலியாட்கள் 12 பேர் போல, கொல்லர் ஒருவர், தையல்காரர் ஒருவர், நாவிதர் ஒருவர், கொத்தனார், முரசடிப்பவர், 4 பையன்கள். விவசாயி என்று தனியாக யாரும் குறிக்கப்படவில்லை. 1608-ல் வந்த அடுத்த கூட்டத்தில் பொற்கொல்லர், உலோகம் புடமிடுபவர், வாசனைத் திரவியம் செய்பவர்கூட இருந்தார்கள். பாடப்புத்தகம் சொல்வதில் உண்மை இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் இந்தக் கனவான்களில் பலர் போர் பார்த்தவர்கள்; கையைக் கட்டிக்கொண்டு உட்கார வந்தவர்கள் அல்ல. அவர்கள் வந்தது விவசாயத்துக்கு இல்லை, அவ்வளவுதான். அப்புறம் இன்னொன்று: யார் விளைத்தாலும் எல்லாம் பொதுக் களஞ்சியத்துக்குப் போகும், அங்கிருந்து எல்லாருக்கும் ஒரே அளவு. குனிந்து வேலை செய்தவனுக்கும் படுத்துக் கிடந்தவனுக்கும் ஒரே கஞ்சி என்றால் யார் குனிவார்கள்? காய்ச்சலில் கிடக்கும் ஆளுக்கும் சோம்பேறிக்கும் வெளியிலிருந்து பார்க்கிறவன் கண்ணில் வித்தியாசம் தெரியாது என்பதையும் மறக்கக் கூடாது. லண்டனில் உட்கார்ந்து குறை சொன்னவர்கள் அப்படித்தான் பார்த்தார்கள்.

தங்கப் பைத்தியம் வேறு. 1608 வசந்தத்தில் பேச்செல்லாம் தங்கம் தோண்டு, தங்கம் கழுவு, தங்கம் புடமிடு, தங்கம் ஏற்று என்பதுதான் என்று ஸ்மித் எரிச்சலோடு எழுதுகிறார். மினுங்கும் மண்ணைக் கப்பலில் ஏற்றி அனுப்பினார்கள்; லண்டனில் சோதித்தபோது வெறும் மண். அதற்காகக் கப்பல் 14 வாரம் நங்கூரம் போட்டுக் கிடந்தது. அத்தனை வாரமும் மாலுமிகள் குடியேற்றத்தின் சாப்பாட்டைச் சாப்பிட்டார்கள். விதைக்க வேண்டிய பருவமும் போயிற்று.

சரி, பூர்வகுடிகளிடம் சோளம் இருந்ததே, அது ஏன் போதவில்லை? அந்தப் பகுதிக்குச் செனகொமகா என்று பெயர். சுமார் 30 இனக்குழுக்கள் வஹுன்செனகா என்ற தலைவருக்குக் கீழே இருந்தன. ஆங்கிலேயர்கள் அவரைப் பவ்ஹாட்டன் என்றார்கள். பெண்கள்தான் விவசாயம் செய்தார்கள்: ஒரே மேட்டில் சோளம், அதில் ஏறும் அவரை, கீழே படரும் பூசணி. ஆனால் வருடம் முழுக்க அவர்கள் சோளத்தில் வாழவில்லை. அறுவடைக்குப் பிறகு சில மாதம் சோளம், பனிக்காலத்தில் வேட்டை, வசந்தத்தில் மீன், கோடைத் தொடக்கத்தில் சதுப்பில் கிடைக்கும் கிழங்கு. உபரி அதிகம் கிடையாது. இந்த நிலையில் நூறு, இருநூறு, ஐந்நூறு என்று வந்துகொண்டே இருக்கிற வாய்களுக்கு அவர்கள் எங்கிருந்து கொடுப்பார்கள்?

அதற்கு மேல் வறட்சி. இது நான் மாணவனாக இருந்தபோது பாடத்தில் இல்லாத விஷயம். 1998-ல் அந்தப் பகுதியின் பழைய சைப்ரஸ் மரங்களின் வளையங்களைப் படித்த ஆய்வு வெளியானது. 1606 முதல் 1612 வரையிலான ஏழு வருடம், 770 வருடத்தில் அங்கே வந்த மிக வறண்ட ஏழு வருடம் என்று தெரிந்தது. பழைய ஆவணங்களைத் திரும்பப் படித்தால் அதன் தடயம் தெரிகிறது: சோளம் இல்லை என்று பூர்வகுடிகள் திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள், ஆங்கிலேயர்கள் அதைத் தந்திரம் என்று நினைக்கிறார்கள். கொஞ்சம் தந்திரமும் இருந்திருக்கலாம். பெரும்பகுதி உண்மை. ஆற்றில் நன்னீர் குறைந்து உப்பு ஏறியதற்கும் இதே வறட்சிதான் காரணமாக இருக்க வேண்டும்.

வியாபாரம் செம்பில் நடந்தது. அங்கே செம்பு மதிப்புள்ள பொருள், தலைவர்களுக்கு உரியது. கோட்டையைத் தோண்டியவர்களுக்கு வெட்டிய செம்புத் துண்டுகள் ஏராளமாகக் கிடைத்தன. ஆரம்பத்தில் ஒரு சின்னத் தகட்டுக்குக் கூடை நிறையச் சோளம் வந்தது. நியூபோர்ட் பெருமைக்காக அள்ளிக் கொடுத்தார். மாலுமிகள் தனியாகக் கள்ள வியாபாரம் செய்தார்கள். கோடரி, உளி, கடப்பாரை என்று 300 கருவிகளில் ஆறேழு வாரத்தில் 20 கூட மிஞ்சவில்லை என்று ஸ்மித் புலம்புகிறார். விலை இறங்கியது. பிறகு ஆங்கிலேயர்கள் துப்பாக்கியைக் காட்டிச் சோளம் வாங்கத் தொடங்கினார்கள். அன்பாகக் கேட்டால் கிடைப்பதை ஏன் பலாத்காரமாகப் பிடுங்குகிறீர்கள், உங்களுக்குச் சோறு போடுகிறவர்களை அழித்து என்ன காணப்போகிறீர்கள் என்று பவ்ஹாட்டன் கேட்டதாக ஸ்மித்தே எழுதுகிறார். வார்த்தைக்கு வார்த்தை அப்படிப் பேசியிருப்பாரா என்பது சந்தேகம். நியாயம் என்னவோ அதுதான்.

மீன் பற்றிய உங்கள் கேள்வி நல்ல கேள்வி. ஆற்றில் மீன் இருந்தது, பருவத்தில். ஸ்டர்ஜன் என்ற பெரிய மீன் வசந்தக் கடைசியிலிருந்து செப்டம்பர் வரை வரும். 1609-ல் நாயும் மனிதனும் தின்று தீராத அளவு பிடித்தார்கள். காயவைத்து இடித்து, மீன் முட்டையும் கீரையும் கலந்து ரொட்டி மாதிரி செய்து சாப்பிட்டார்கள். குளிர்காலத்தில் அது கிடைக்காது. ஒழுங்கான வலையும் இல்லை, படகை ஒழுங்காக வைத்திருக்கவும் இல்லை. 1608-ல் செசபீக் விரிகுடாவில் மீன் கூட்டத்தைப் பார்த்துவிட்டு, வலை இல்லாததால் வாணலியை விட்டுப் பிடிக்கப் பார்த்தார்களாம். மீன் பிடிக்க வாணலி சரியான கருவி இல்லை என்று கண்டுகொண்டோம் என்று ஸ்மித் எழுதுகிறார். மான் வேட்டை என்றால் காட்டுக்குள் போக வேண்டும். சண்டை நடக்கிற நாளில் கோட்டைக் கதவைத் தாண்டுவதே உயிருக்கு ஆபத்து. துப்பாக்கிகளில் பலவும் திரி பற்றவைத்துச் சுடுகிறவை. மருந்து நிரப்பி, குண்டு போட்டு, திரியை ஊதி நிற்பதற்குள் எதிரி பல அம்பு விட்டுவிடுவான்.

இதெல்லாம் சேர்ந்து வெடித்தது 1609–10 குளிர்காலத்தில். ‘பட்டினிக் காலம்’ என்று அவர்களே பெயர் வைத்தார்கள். 1609 கோடையில் ஒன்பது கப்பல்கள் கிளம்பின. புதிய தலைவர்கள் இருந்த ஸீ வென்ச்சர் புயலில் சிக்கி பெர்முடாவில் மோதியது. மற்ற கப்பல்களில் சில நூறு பேர், நனைந்து கெட்ட உணவோடு வந்து இறங்கினார்கள். அதிகாரம் யாருக்கு என்பதில் சண்டை. அக்டோபரில் ஸ்மித் வெடிமருந்துக் காயத்தோடு இங்கிலாந்துக்குத் திரும்பிவிட்டார். பவ்ஹாட்டன் இதற்கு மேல் பொறுக்கவில்லை. கோட்டையைச் சுற்றி வளைத்துச் சோளத்தை நிறுத்தினார். வியாபாரம் பேசப் போன முன்னாள் தலைவர் ராட்கிளிஃபும் அவருடைய ஆட்களில் பெரும்பாலோரும் கொல்லப்பட்டார்கள். பிரான்சிஸ் வெஸ்ட் என்பவரைப் பொட்டோமாக் பக்கம் சோளம் வாங்கப் படகோடு அனுப்பினார்கள். சோளம் கிடைத்தது. அவர் கோட்டைக்குத் திரும்பாமல் அந்தச் சோளத்தோடு இங்கிலாந்துக்கே பாய் விரித்துவிட்டார்.

உள்ளே இருந்தவர்கள் குதிரையைத் தின்றார்கள், பிறகு நாய், பூனை, எலி, பாம்பு, செருப்புத் தோல். எத்தனை பேர் இருந்தார்கள்? 500 பேரில் 60 பேர் என்று ஸ்மித் தருகிற கணக்கை நம்பாதீர்கள். அவர் அப்போது அங்கே இல்லை, தான் தலைவராக இருந்த காலத்தோடு ஒப்பிட்டுக் காட்ட எண்ணைப் பெரிதாக்கும் ஆசையும் அவருக்கு உண்டு. கோட்டைக்குள் 200-லிருந்து 300 வரை இருந்திருக்கலாம் என்பது இன்றைய மதிப்பீடு. தப்பியவர்கள் சுமார் 60 என்பதில் அதிகச் சர்ச்சை இல்லை. மனித மாமிசம் தின்றார்கள் என்பதைப் பெர்சி எழுதியிருந்தாலும், எதிரிகள் கட்டிய கதை என்று நீண்ட காலம் சிலர் ஒதுக்கி வந்தார்கள். 2012-ல் கோட்டைக்குள் ஒரு குப்பைக் குழியில், குதிரை, நாய் எலும்புகளுக்கு நடுவே, சுமார் 14 வயதுப் பெண்ணின் மண்டையோடும் கால் எலும்பும் கிடைத்தன. ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தின் எலும்பு ஆய்வாளர் டக்ளஸ் ஓவ்ஸ்லி அவற்றில் இருந்த வெட்டுத் தடங்களை ஆராய்ந்தார்; இறந்த பிறகு மாமிசத்துக்காக வெட்டப்பட்டவை என்ற முடிவு 2013-ல் வெளியானது. எனவே அந்தக் கேள்வி தீர்ந்தது. அவளைக் கொன்றார்களா என்றால், எலும்பு அப்படிச் சொல்லவில்லை. அவளுக்கு ஜேன் என்ற பெயர் ஆய்வாளர்கள் வைத்தது.

ஒரே ஒரு விஷயம் என்னை இன்னும் உறுத்தும். அதே குளிர்காலத்தில் ஆற்று முகத்துவாரத்தில் பாயின்ட் கம்ஃபர்ட் என்ற இடத்தில் இருந்த சின்னக் காவல் கோட்டையில் சுமார் 30 பேர் நன்றாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். நண்டு அவ்வளவு கிடைத்ததால் பன்றிக்கே போட்டார்களாம். 1610 மே மாதம் பெர்சி அங்கே போய்ப் பார்த்துக் கொதித்துப் போனார். பன்றிக்குப் போட்ட நண்டு எங்களைக் காப்பாற்றியிருக்கும் என்று எழுதுகிறார். தலைமை வகித்தவரே அவர்தான், குளிர்காலம் முழுக்க ஏன் ஓர் ஆளைக்கூட அங்கே அனுப்பிப் பார்க்கவில்லை? முற்றுகை என்பது பாதிப் பதில். வறட்சி, முற்றுகை எல்லாவற்றையும் ஒப்புக்கொண்ட பிறகும் நிர்வாகத்தின் பங்கு இங்கே அப்பட்டமாகத் தெரிகிறது.

பெர்முடாவில் சிக்கியவர்கள் இரண்டு சின்னக் கப்பல் கட்டிக்கொண்டு மே மாதம் வந்து சேர்ந்தார்கள். பார்த்ததும், ஊரைக் கைவிடுவது என்று முடிவெடுத்தார்கள். ஜூன் 7-ல் எல்லாரும் கப்பலேறிக் கிளம்பியும் விட்டார்கள். ஆற்றிலேயே புதிய கவர்னர் டி லா வார் பிரபு அனுப்பிய படகு எதிரே வர, திரும்பி வந்தார்கள். ஒரு சில நாள் பிந்தியிருந்தால் ஜேம்ஸ்டவுன் கதை அங்கேயே முடிந்திருக்கும்.

அன்றாட வாழ்க்கையை ஓரளவு நம்பிக்கையோடு சொல்ல முடிவது இதற்குப் பிறகுதான். கோட்டை முக்கோண வடிவம்: ஆற்றுப் பக்கம் 420 அடி, மற்ற இரண்டு பக்கமும் 300 அடி, மூலைக்கு ஒரு பீரங்கி மேடை. அதை ஆறு அரித்துக்கொண்டு போய்விட்டது என்றுதான் நம்பிக்கொண்டிருந்தார்கள். 1994-ல் தொல்லியலாளர் வில்லியம் கெல்ஸோ தோண்டத் தொடங்கிய பிறகு மரவேலி நட்ட பள்ளங்களின் கறை மண்ணில் தெரிந்தது. உள்ளே மரக்கால் நட்டு மண் பூசிய வீடுகள், மேலே நாணல் கூரை. காலையில் முரசு. ஆறு மணியிலிருந்து பத்து வரை வேலை, பிறகு பிரார்த்தனை, சாப்பாடு. மதியம் இரண்டிலிருந்து நான்கு வரை மறுபடி வேலை, திரும்பவும் பிரார்த்தனை. மொத்தம் ஆறு மணி நேரம். இதை வைத்துத்தான் சோம்பேறிகள் என்று பின்னால் வந்தவர்கள் சொன்னார்கள். வர்ஜீனியாவின் ஜூலை வெயிலில், அரை வயிற்றோடு, மரம் வெட்டிப் பார்த்தால் ஆறு மணி நேரம் குறைவாகத் தெரியாது என்பது என் கட்சி. முதல் வாரங்களில் மரக்கிளையில் பழைய பாய்த்துணியைக் கட்டித்தான் பூசை நடந்தது. இப்போது 60 அடிக்கு 24 அடியில் தேவதாரு இருக்கைகளும் இரண்டு மணிகளும் வைத்த தேவாலயம் வந்துவிட்டது. ஞாயிறு இரண்டு பிரசங்கம், வியாழன் ஒன்று.

1611-ல் வந்த சர் தாமஸ் டேல் இராணுவச் சட்டத்தைக் கடுமையாக அமல்படுத்தினார். களஞ்சியத்தில் திருடினால் மரணம், பூர்வகுடிகளிடம் ஓடிப்போனால் மரணம். இப்படி ஓடியவர்கள் நிறைய. அங்கே சாப்பாடு இருந்தது என்பதே காரணம். அதே டேல்தான் சுமார் 1613-14-ல் ஆளுக்கு மூன்று ஏக்கர் சொந்தத் தோட்டமாகப் பிரித்துக் கொடுத்தார். வருடத்துக்கு இரண்டரைப் பீப்பாய் சோளமும் ஒரு மாத வேலையும் மட்டும் வாடகை. முன்பு முப்பது பேர் விளைத்ததை இப்போது மூன்று பேர் விளைத்தார்கள் என்று குடியேற்றத்தின் செயலாளர் ரால்ஃப் ஹேமர் எழுதினார். கொஞ்சம் மிகை இருக்கும். திசை சரி. பொதுக் களஞ்சிய முறைதான் வேலையைக் கெடுத்தது என்பதற்கு இதைவிட நேரடியான சாட்சி எனக்குத் தெரிந்து இல்லை.

அப்புறம் என்ன, சோறு விளைந்துவிட்டது என்று நினைப்பீர்கள். ஜான் ரால்ஃப் என்பவர் 1612 வாக்கில் கரீபியப் பக்கத்து விதையை வைத்துப் புகையிலை விளைத்தார். 1617-ல் சுமார் 20,000 பவுண்டு எடை லண்டனுக்குப் போனது. அந்த வருடம் துணைக் கவர்னராக வந்த ஆர்கல் கண்டது: நல்ல வீடு ஐந்தாறுதான், தேவாலயம் சரிந்து கிடக்கிறது, மரவேலி உடைந்திருக்கிறது, கிணற்றுத் தண்ணீர் கெட்டிருக்கிறது, ஆனால் சந்தையிலும் தெருவிலும் புகையிலை நட்டிருக்கிறார்கள். முதலில் இரண்டு ஏக்கர் சோளம் நட்டால்தான் புகையிலை நடலாம் என்று சட்டமே போட வேண்டியிருந்தது. 1623-ல் ரிச்சர்ட் ஃப்ரெத்தோர்ன் என்ற வேலைக்கார இளைஞன் பெற்றோருக்கு எழுதிய கடிதத்தில், பட்டாணியும் தண்ணீர்க் கஞ்சியும்தான் சாப்பாடு, என்னை மீட்டுக்கொள்ளுங்கள் என்று கெஞ்சுகிறான். பட்டினிக் காலம் முடிந்து 13 வருடம் கழித்து!

பெண்கள் 1608-ல்தான் வந்தார்கள், இருவர்: திருமதி ஃபாரஸ்ட், அவருடைய பணிப்பெண் ஆன் பர்ரஸ். ஆன் சில வாரத்தில் ஜான் லேடன் என்ற தொழிலாளியை மணந்தார். குடியேற்றத்தின் முதல் ஆங்கிலேயத் திருமணம் அது. 1620-21-ல் கம்பெனியே மணப்பெண்களை அனுப்பி, கல்யாணம் செய்பவரிடம் ஆளுக்கு 120-150 பவுண்டு புகையிலை வாங்கியது. 1619 ஜூலை 30-ல் மக்கள் பிரதிநிதிகளின் முதல் சபை தேவாலயத்தில் கூடியது. அடுத்த மாதக் கடைசியில் அங்கோலாவிலிருந்து பிடித்து வரப்பட்ட ‘இருபது சொச்சம்’ ஆப்பிரிக்கர்களைப் பாயின்ட் கம்ஃபர்ட்டில் உணவுக்கு விற்றார்கள். சட்டப்படி அவர்கள் அப்போதே அடிமைகளா, தவணை வேலைக்காரர்களா என்ற சர்ச்சை இன்னும் உண்டு. பிடித்து விற்கப்பட்டவர்கள் என்பதில் சர்ச்சை இல்லை. 1622 மார்ச் 22-ல் பூர்வகுடித் தலைவர் ஒபெச்சன்கனோ நடத்திய தாக்குதலில் 347 பேர் இறந்தார்கள். 1624-ல் மன்னர் கம்பெனியைக் கலைத்தார். அதுவரை வந்தவர்கள் 6,000-க்கு மேல். 1625 கணக்கெடுப்பில் உயிரோடு இருந்தவர்கள் சுமார் 1,200.

ஸ்மித்தின் எழுத்தை எவ்வளவு நம்பலாம் என்று சொல்வதாகச் சொன்னேன். வாணலி, புழு, கிணறு மாதிரி சாதாரண விஷயங்களில் நம்பலாம். தோண்டி எடுத்தவையும் மற்றவர் எழுத்தும் ஒத்துப்போகின்றன. அவர் கதாநாயகனாக வரும் இடங்களில் ஜாக்கிரதை. பவ்ஹாட்டனின் மகள் போகஹான்டஸ் தன் தலையை அவர் தலைமேல் வைத்து உயிர் காத்த கதை 1608-ல் அவர் எழுதிய விவரத்தில் கிடையாது. விரிவாக வருவது 1624-ல். அது நடந்தே இருந்தாலும், அவரைத் தத்தெடுக்கும் ஒரு சடங்காக இருந்திருக்கலாம் என்று பலர் நினைக்கிறார்கள். பெர்சியும் ஒன்றும் நடுநிலையாளர் இல்லை. ஸ்மித்தின் நூலில் தன்னை மட்டம் தட்டியதற்குப் பதிலாகத்தான் பட்டினிக் காலத்தைப் பற்றி எழுதினார்.

இந்தியர் யாராவது இருந்தார்களா என்ற கடைசிக் கேள்விக்கு வருகிறேன். முதலில் எதிர்த்திசைத் தொடர்பு, அது உறுதியானது. முதல் கப்பல்களை ஓட்டி வந்த நியூபோர்ட் பிறகு கிழக்கிந்தியக் கம்பெனி வேலைக்கு மாறினார். 1617-ல் ஜாவாவின் பான்டமில் இறந்தார். அந்தக் கடுமையான டேலும் அதே கம்பெனியின் கப்பற்படைத் தளபதியாகக் கிழக்கே வந்து, டச்சுக்காரர்களோடு சண்டை போட்டு, 1619 ஆகஸ்டில் மசூலிப்பட்டினத்தில் நோய் கண்டு இறந்தார். இந்தியரைப் பற்றிக் கிடைப்பது 1635-ல் ஒரு வரி. ஜார்ஜ் மெனிஃபி என்ற வர்ஜீனிய வியாபாரி, தன் செலவில் 24 பேரை அழைத்து வந்ததற்காகத் தலைக்கு 50 ஏக்கர் வீதம் நிலம் கேட்டார். அந்தப் பெயர்களில் ஒன்று ‘டோனி, கிழக்கிந்தியர்’. அவர் தமிழர் என்று இணையத்தில் சிலர் எழுதுகிறார்கள். அந்த வரியில் ஊரும் இல்லை, மொழியும் இல்லை. 1635-ல் சென்னைக் கோட்டையே கட்டப்படவில்லை; கம்பெனி அப்போது சூரத், மசூலிப்பட்டினம், ஆர்மகான் போன்ற இடங்களில் இருந்தது. சோழமண்டலக் கரையிலிருந்து போயிருக்க வாய்ப்பு உண்டு என்பதற்கு மேல் சொன்னால் அது ஊகம்தான்.